நூறு பூ வெட்டலாம், கை வலிக்காமல்... ஆனால் கணக்குப் பார்த்து!

பண்டிகை வருகிறது என்றால் முதலில் அடுப்பில் ஏறுவது வாணலி. அடுத்து பெட்டியிலிருந்து இறங்குவது கத்தரிக்கோல். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கத் துணிப்பை, தீபாவளிக் கவுனில் ஒரு பூ, பொங்கலுக்கு வாசலில் ஒரு தோரணம் என்று ஆசை ஆசையாய் ஆரம்பிப்போம். பத்துப் பூ வெட்டுவதற்குள் கட்டைவிரல் அடியில் விண்ணென்று ஒரு வலி. பதினோராவது பூவை எடுத்துப் பார்த்தால் அது முதல் பூவுக்குத் தங்கை மாதிரி இளைத்துப் போயிருக்கும்! "போதும்டா சாமி, கடையிலேயே வாங்கிக்கலாம்" என்று மூட்டை கட்டி வைத்துவிடுவோம்.

இந்த வெட்டும் வேலையைத்தான் சுலபமாக்குகிறது 'டை கட்டிங்' என்ற முறை. டை என்றதும் தலைக்குப் போடும் டையையோ கழுத்தில் கட்டும் டையையோ நினைத்துக் கொள்ளாதீர்கள். இது வெட்டும் அச்சு. பூரி மாவைப் பெரிதாக இட்டு, டம்ளர் விளிம்பால் அழுத்தி வட்டம் வட்டமாக எடுக்கிறோமே, அதே தத்துவம்தான். மாவுக்குப் பதில் துணி. டம்ளருக்குப் பதில் கூரான எஃகு விளிம்பு.

கரும்பு மிஷின் மாதிரி

பலகையில் எஃகுத் தகட்டைப் பூவாகவோ இலையாகவோ சதுரமாகவோ வளைத்துப் பதித்திருப்பார்கள். அதைச் சுற்றி மெத்தென்று நுரை ரப்பர். அழுத்தும்போது ரப்பர் அமுங்கி எஃகு வெளியே வந்து துணியை வெட்டும். அழுத்தம் போனதும் ரப்பர் எழும்பி, வெட்டின துண்டைத் தானே வெளியே தள்ளிவிடும்.

அழுத்தம் கொடுக்க ஒரு கை இயந்திரம். கரும்புச் சாறு பிழிகிற மிஷினில் இரண்டு உருளைகளுக்கு நடுவே கரும்பு போகிறதல்லவா? அதுபோல் அச்சு, அதன் மேல் துணி, துணியின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் பலகை என்று அடுக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மின்சாரம் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியானால் நாலு அடுக்குகூட ஒரே சுற்றில் வெட்டிவிடலாம்.

இது ஏதோ நேற்று வந்த அதிசயம் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் தோலை எஃகு அச்சால் அழுத்தித்தான் வெட்டுகிறார்கள். அமெரிக்காவில் எல்லிசன் என்ற நிறுவனம் 1977-ல் பள்ளி ஆசிரியைகளுக்காக, எழுத்துகளும் வடிவங்களும் வெட்டும் கை இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2001-ல் வந்த 'சிசிக்ஸ்' அதை வீட்டு மேஜைக்கு இறக்கிவிட்டது. 2017-ல் கம்ப்யூட்டரில் படம் போட்டால் சுழலும் பிளேடால் துணி வெட்டும் 'க்ரிக்கட் மேக்கர்' வந்தது. நமக்குப் பழகுவதற்கு எளிது, கையால் சுற்றும் தினுசுதான்.

துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற கலையும் நமக்குப் புதிதல்ல. தேரில் தொங்குகிற தொம்பையை அண்ணாந்து பாருங்கள். அந்தப் பூவும் யாளியும் இப்படி வெட்டி வைத்துத் தைத்தவைதான்!

துணியைத் தயார் செய்வதில்தான் சூட்சுமம்

மிஷின் வாங்கிய பலர், "சரியா வெட்ட மாட்டேங்குது" என்று சலித்துக் கொள்வதுண்டு. பெரும்பாலும் குற்றம் துணியைத் தயார் செய்யாததில் இருக்கும்.

புதுப் பருத்தித் துணியை முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். பழைய காட்டன் புடவைத் துண்டு கொழகொழவென்று இருக்கும். அப்படியே வைத்தால் நெளிந்து வெட்டும். சோற்றுக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டால் காகிதம் மாதிரி நிற்கும்.

துணியின் பாவு இழை, அதாவது கரைக்கு இணையாக ஓடும் இழை, உருளைக்குள் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் துணி அதிகம் இழுபடாது. குறுக்கே வைத்தால் சதுரம் சதுரமாக வராது. பனியன் துணி எந்தப் பக்கமும் இழுபடும். அதன் பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் கொடுத்த பிறகே வெட்டுங்கள்.

ஒட்டுப்பூ வேலைக்கு, இஸ்திரிச் சூட்டில் உருகி இரண்டு பக்கமும் ஒட்டக்கூடிய வலைத்தாள் கிடைக்கிறது. அதைத் துணியின் பின்புறம் ஒட்டி, காகிதத்தை உரிக்காமலே வெட்டுங்கள். ஓரம் பிசிராமல் வரும். பிறகு காகிதத்தை உரித்துவிட்டு, வேண்டிய இடத்தில் வைத்து இஸ்திரி போட்டால் பூ உட்கார்ந்துவிடும். அத்தோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு துவையலில் விளிம்பு எழும்பும். சுற்றிலும் காஜா தையலோ ஜிக்ஜாக் தையலோ அவசியம்.

எழுத்து வெட்டும்போது துணியை மடித்து வைக்காதீர்கள். மடித்தால் பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொள்ளும். எல்லா அடுக்கும் நல்ல பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும்.

நவராத்திரிக்கு ஐம்பது பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. தாம்பூலத்தைத் துணிப்பையில் கொடுத்தால் வாங்கிப் போகிறவருக்கும் அது நாலு வருஷம் உழைக்கும்.

8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் ஒரு பை தைக்க, 9 அங்குல அகலமும் 23 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்கு. வாய்ப்புறம் இரண்டு முனையிலும் ஒன்றரை அங்குலம் மடிப்புக்கு. நனைத்துச் சுருங்கிய பிறகு 36 அங்குல அகலம் உள்ள காடாத் துணியில் குறுக்கே நாலு துண்டு வரும். 8 மீட்டரில் 13 வரிசை, ஆக 52 பை! கைப்பிடிக்குப் பருத்தி நாடா வைத்துக் கொள்ளுங்கள்.

பக்கங்களை மூட்டுவதற்கு முன்பே பூவைத் தைத்துவிட வேண்டும். துண்டின் மேல் முனையிலிருந்து ஆறரை அங்குலம் கீழே பூவின் நடு வந்தால், பை தைத்து முடிந்ததும் பூ சரியாக மையத்தில் நிற்கும். ஒரு பைக்கு ஒரு பூ, ஒரு நடுவட்டம், இரண்டு இலை என்றால் ஐம்பது பைக்கு இருநூறு துண்டு. கத்தரிக்கோலால் என்றால் கை என்ன ஆவது? இந்த நாலு வடிவமும் ஒரே அச்சில் இருந்து, நாலு அடுக்கு வைத்தால் பதின்மூன்றே சுற்று! பூ ஒரு நிறம், இலை ஒரு நிறம் வேண்டுமானால் அந்தந்த வடிவத்தின் மேல் மட்டும் அந்தந்தத் துணியை வையுங்கள்.

தீபாவளி, பொங்கல், கோடை

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் துணித் தோரணம் கட்டினால், விளக்கு வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத சுவரில் கட்டுங்கள். பாலியெஸ்டர் துணி தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதுதான். காற்றடித்தால் தோரணம் எங்கே போகும் என்று பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

பொங்கலுக்குப் பானை, சூரியன், நீள இலை ஆகிய வடிவங்கள் போதும். கரும்புக்குத் தனி அச்சு தேட வேண்டாம். ஓர் அங்குலப் பட்டையை வெட்டி, இடையிடையே கறுப்பு நூலில் ஓட்டுத் தையல் போட்டால் கணு வந்துவிடும். மேலே மூன்று இலை வைத்தால் கரும்பேதான்!

கோடை விடுமுறையில் கிழிந்த கவுன்களும் டிராயர்களும் அலமாரியிலிருந்து வெளியே வரும். கிழிசல்மேல் ஒரு மாங்காய், ஒரு மீன். "அம்மா, எனக்கும் மீன் வேணும்" என்று கிழியாத சட்டையையும் கொண்டுவருவார்கள், பாருங்கள்!

இளம் தாய்மார்களுக்கு

குழந்தை தவழ்ந்து விளையாட ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று. 'நாலு அங்குலச் சதுரம்' என்று அச்சில் போட்டிருந்தால், தைத்து முடித்த அளவா, வெட்டும் அளவா என்று விசாரித்துக் கொள்ளுங்கள். தைத்தபின் நாலு அங்குலம் வரவேண்டுமானால், சுற்றிலும் கால் அங்குலத் தையல் சேர்த்து நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். எட்டுக்குப் பத்து என்று எண்பது சதுரம். விரிப்பு 32 அங்குலத்துக்கு 40 அங்குலம். நாலடுக்கில் இருபது சுற்றில் வெட்டி முடிந்துவிடும். அடியில் இரண்டு மடிப்புப் பழைய புடவை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதை விழித்திருக்கும்போது விளையாடும் விரிப்பாக மட்டும் போடுங்கள். தூங்கும்போது தடித்த விரிப்பும் தலையணையும் பொம்மையும் குழந்தை பக்கத்தில் வேண்டாம், மூச்சு முட்டக்கூடும். பட்டன், மணி, சமிக்கி எதுவும் தைக்காதீர்கள். குழந்தையின் கை எதைப் பிடித்தாலும் அடுத்து அது வாய்க்குத்தானே போகும்?

அச்சின் எஃகு, ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது என்று அலட்சியம் கூடாது. அழுத்தினால் விரலையும் வெட்டும். உருளை பக்கம் புடவைத் தலைப்பும் பின்னலும் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அச்சில் சிக்கின நூலை ஊசியால் எடுத்துவிட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வாங்கலாமா, வேண்டாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. மிஷினும் நாலைந்து அச்சும் சேர்ந்தால் பல சமயம் ஒரு சாதாரண தையல் மிஷினின் விலையை எட்டிவிடும், தாண்டியும் போகும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு. வெட்டும் பலகையும் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள்தான்.

ஒரு பேச்சுக்கு, எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு நூறு பை தைக்கிற வீட்டில் இரண்டு வருஷத்தில் இருநூறு பை. ஒரு பைக்குக் கருவிச் செலவு மட்டும் நூறு ரூபாய்! யார் வாங்குவார்கள்? அதே கருவியை ஐந்து பேர் தலைக்கு 4,000 போட்டு வாங்கி, எல்லாருமாக வருஷத்துக்கு ஆயிரம் பை தைத்தால்? இரண்டு வருஷத்தில் ஒரு பைக்குப் பத்தே ரூபாய்.

ஆகவே, உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் மிஷின் வேண்டாம். பரணில் ஏற இன்னொரு சாமான் எதற்கு? பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, அதில் பூவும் இலையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் நூறாவது பூவும் முதல் பூ அளவிலேயே வரும். கூரான கத்தரிக்கோலால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு கொடுத்து வெட்டுங்கள். கட்டைவிரல் வலி நாள்கணக்கில் நீடித்தாலோ, விரல் மடக்கினால் பிடித்துக்கொண்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தைத்து விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால், நாலைந்து பேர் சேருங்கள். நம் மாநிலத்தில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. அப்படி ஒரு குழுவில் கருவி பொதுவாக இருக்கட்டும். ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் ஒட்ட, மற்றவர்கள் தைக்கலாம்.

விலை போடும்போது துணி, நூல், நாடா, வலைத்தாள், கருவிச் செலவு எல்லாம் எழுதுவோம். ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம்: நம் உழைப்பு! "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று நாமே சொல்லிக் கொள்வோம். மத்தியானம் பாத்திரம் ஒழித்துவிட்டு, தூக்கத்தை விட்டு உட்கார்ந்து தைக்கிற நேரம் சும்மா நேரமா? ஒரு பை முடிக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஊரில் தையல் வேலைக்கு என்ன கூலியோ, அந்தக் கணக்கில் அதையும் விலையில் சேருங்கள். கருவி மிச்சப்படுத்துவது வெட்டும் நேரத்தை மட்டும்தான். ஒட்டுவதும் தைப்பதும் உங்கள் கைதான். அந்தக் கைக்குக் கூலி எழுதாத கணக்கு லாபக் கணக்கே அல்ல.

அடுத்த பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பூ, இரண்டு இலை வெட்டி, ஐந்து பை தைத்துப் பாருங்கள். நேரத்தை எழுதி வையுங்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு அக்காவிடம் போங்கள். மிஷின் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.