'உஷார், எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க': வாட்ஸ்அப் குரூப்பில் பேசவும் ஒரு முறை இருக்கு!

2018 மே 9. சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர், உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சில உறவினர்கள் மலேசியாவிலிருந்து வந்திருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பகுதியில் வண்டியை நிறுத்தியபோது, அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 'பிள்ளை பிடிக்கிற கும்பல்' என்ற பேச்சு கிளம்பியது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்தப் பெண் இறந்துபோனார். உடன் வந்த நான்கு பேரும் காயமடைந்தனர்.

அவர்கள் யாரையும் கடத்த வரவில்லை. ஆனால், அதற்கு முந்தைய சில வாரங்களாக வேலூர், திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் 'குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது' என்ற வாட்ஸ்அப் ஆடியோக்களும் வீடியோக்களும் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தப் பயம்தான் ஒரு சாக்லேட்டைக்கூட சந்தேகத்தோடு பார்க்க வைத்தது.

போளூர் பக்கம் ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரம். மலையின் மேற்குப் பக்கம் திருப்பத்தூரிலிருந்து ஏறினால் புதூர்நாடு. சாமை, புளி வாங்க வரும் வியாபாரி, டிரெக்கிங் வரும் ஐ.டி. இளைஞர், ஆய்வுக்கு வரும் கல்லூரி மாணவி என்று வெளியாட்கள் வந்துபோகும் மலை இது. 'புதுசா ஒருத்தர் பிள்ளைங்ககிட்ட பேசிட்டு இருக்கார், உஷார்' என்று ஒரே ஒரு மெசேஜ் ஊர் குரூப்பில் விழுந்தால் என்ன ஆகும்? அத்திமூரில் நடந்தது இங்கே நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அபார்ட்மென்ட் குரூப்புக்கும் இது பொருந்தும்.

'யார் சொன்னா? நீ பார்த்தியா?'

புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று இந்த மலை ஊராட்சிகளின் பெயரிலேயே 'நாடு' உண்டு. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த ஊர்களில், பிரச்சினை என்றால் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவது பழைய வழக்கம். நேருக்கு நேர் பேசும் எந்த இடத்திலும் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் மேல் பழி சொன்னால், அடுத்த நொடியே 'யார் சொன்னா? நீ பார்த்தியா?' என்று கேள்வி வரும். சொன்னவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஃபார்வர்டு மெசேஜில் அந்தக் கேள்வியே காணாமல் போகிறது. முதலில் சொன்னவர் யார் என்று தெரியாது. அனுப்பியவர் 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்' என்று ஒதுங்கிவிடுவார். குரூப் நாகரிகம் என்பது 'குட்மார்னிங் படம் போடாதீங்க' என்பதோடு முடிவதில்லை. அனுப்பியதற்குப் பொறுப்பு ஏற்பதுதான் அதன் அடிப்படை.

2018-ல் இந்தியாவில் பரவிய 'கடத்தல் வீடியோ' ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அது உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினார்கள். விழிப்புணர்வே வதந்தியாக மாறிவிட்டது.

வாட்ஸ்அப் என்ன செய்தது?

2018 ஜூலையில் 'ஃபார்வர்டு' என்ற அடையாளம் வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. பலமுறை கைமாறிய மெசேஜுக்கு இரட்டை அம்புக்குறி காட்டும். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்ட மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இதனால் அந்த வகை ஃபார்வர்டுகள் 70% குறைந்ததாக நிறுவனம் சொன்னது. ஆனால் காப்பி பேஸ்ட்டை இந்தக் கட்டுப்பாடு தடுக்காது. அது நம் கையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

'நான் எழுதல, ஷேர் மட்டும்தான் பண்ணேன்' என்பது செல்லாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த வழக்கை ரத்து செய்யக் கோரினார் நடிகர் எஸ்.வி.சேகர். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய மெசேஜை வில்லில் இருந்து புறப்பட்ட அம்போடு ஒப்பிட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அட்மின்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. வேறெந்தப் பங்கும் இல்லாமல் வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை, உறுப்பினர் போட்ட பதிவுக்காக வழக்கில் சேர்க்கக் கூடாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது.

குரூப்பில் என்ன செய்யலாம்?

• கண்ணால் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். எங்கே, எப்போது என்று இல்லாத எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

• முகம், வண்டி நம்பர் வேண்டாம். சந்தேகம் உண்மை என்றால் 112-க்குச் சொல்லுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098.

• முழுசாகப் பாருங்கள். வீடியோவின் கடைசி 10 விநாடி கதையையே மாற்றலாம்.

• திருத்தும்போது அவமானப்படுத்தாதீர்கள். தப்பாக அனுப்பியது பெரியப்பாவாக இருந்தால் முதலில் தனியாகச் சொல்லுங்கள். 'பெரியப்பா, இது பழைய வீடியோ, நீங்களே குரூப்ல சொல்லிடுங்க' என்றால் அவரே சொல்வார். எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தால், தப்பைத் தப்பில்லை என்று வாதாடத்தான் தோன்றும்.

• ஆபத்து உடனடி என்றால் காத்திருக்காதீர்கள். யாரையாவது தேடிப் போகலாம் என்ற பேச்சு எழுந்தால், 'இது உறுதியாகலை, யாரும் போகாதீங்க, போலீஸுக்குச் சொல்லியாச்சு' என்று குரூப்பிலேயே போட்டுவிட்டு, உடனே போலீஸுக்கும் போன் செய்யுங்கள்.

• அனுப்பிய இடத்துக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்புங்கள். டெலிட் செய்தால் மட்டும் போதாது, படித்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் வதந்தி முதலிலும் மறுப்பு மறுநாளும் போய்ச் சேரலாம். அங்கே ஒரு போன் கால் இன்னும் நல்லது.

• அட்மின் தூங்கக் கூடாது. யாருடைய பதிவையும் அட்மின் நீக்கலாம். பதற்றமான நேரத்தில் 'அட்மின் மட்டும் பேசலாம்' என்று சில மணி நேரம் செட்டிங்கை மாற்றலாம்.

குரூப்பில் வதந்தி வரும்போது பலர் மௌனமாகக் கடந்துபோகிறார்கள். 'நமக்கு ஏன் வம்பு' என்ற நினைப்புதான். ஆனால் யாரும் கேள்வி கேட்காத குரூப்பில், படிக்கிற ஒவ்வொருவரும் 'எல்லாரும் நம்புறாங்க போல' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'இது யார் சொன்னது?' என்று மரியாதையாக ஒரு வரி டைப் செய்ய ஐந்து விநாடி போதும். வழி கேட்டு நிற்கும் யாரோ ஒருவர் பத்திரமாக வீடு போய்ச் சேர அந்த ஒரு வரி உதவலாம்.