வரிக்குதிரைக்குச் சேணம் பூட்டலாமா?

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரையும் பெரியகுளத்தையும் அடுத்த மலைகளில், வண்டிச் சாலை எட்டாத ஊர்கள் சில உண்டு. அங்கே சுமைகளைக் கொண்டு செல்லக் குதிரைகளே துணை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரை முதுகில்தான் மலையேறுகின்றன. ஒற்றையடிப் பாதையில் பொதியோடு அமைதியாக ஏறும் குதிரையைக் கண்டால் நமக்கு ஒரு கேள்வி எழலாம். குதிரையின் நெருங்கிய உறவினமான வரிக்குதிரையை ஏன் இப்படிப் பழக்கவில்லை?

பழக்கிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் கோவாவைச் சேர்ந்த மருத்துவர் ரொசெண்டோ ரிபெய்ரோ. இவர் 1900-ல், இன்று கென்யாவின் தலைநகராக உள்ள நைரோபிக்குச் சென்று மருத்துவத் தொழில் தொடங்கினார். நோயாளிகளின் வீடுகளுக்கு இவர் வரிக்குதிரை மீதேறிச் சென்றுவந்தார்!

இது வெறும் வேடிக்கைக்காக எழுந்த முயற்சி அன்று. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் செட்சி ஈ பரப்பும் நோயால் குதிரைகள் மடிந்தன. அம்மண்ணிலேயே தோன்றிய வரிக்குதிரை அந்நோயைத் தாங்கி நின்றது. ஆகவே அங்குக் குடியேறியவர்கள் அதை வண்டியிலும் பூட்டிப் பார்த்தனர்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோரேஸ் ஹேய்ஸ் என்னும் குதிரைப் பயிற்சியாளர் கல்கத்தாவில் ஒரு மலை வரிக்குதிரையைச் சேணத்துக்குப் பழக்கினார். அவருடைய மனைவி ஆலிஸ் அதன் மீது சவாரியும் செய்தார். ஆனால் அதன் விறைத்த கழுத்து கடிவாளத்துக்கு எளிதில் இசையவில்லை. ஏறி அமர்வது ஒன்று. நினைத்த திசையில் செலுத்துவது மற்றொன்று.

பழக்குவது எப்படி?

சவாரிக்குப் பழக்குபவர் முதலில் விலங்கைத் தம் கை தொடுதலுக்குப் பழக்குவார். பிறகு தலைக்கயிறு, முதுகில் ஒரு துணி, அதன்மேல் சேணம், கடைசியில் ஆளின் எடை என்று படிப்படியாகச் செல்வார். கடிவாளத்தை ஒரு பக்கம் மெல்ல இழுப்பார். விலங்கு அப்பக்கம் திரும்பிய கணமே பிடியைத் தளர்த்துவார். அழுத்தம் நீங்குவதே அதற்குக் கிடைக்கும் பரிசு. மூக்கணாங்கயிற்றால் காளையைத் திருப்புவதிலும் இதே தத்துவம் உள்ளது.

வரிக்குதிரைக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் மிகுந்த பொறுமை வேண்டும். சிங்கமும் கழுதைப்புலியும் திரியும் புல்வெளியில் வாழும் விலங்கு அது. சிறு அசைவுக்கும் மிரண்டு ஓடும். ஓட வழியில்லையேல் உதைக்கும், கடிக்கும். முதுகில் திடீரென ஏறும் எடை அதற்குப் பகைவனின் பாய்ச்சலாகவே தோன்றும். உடலமைப்பும் ஒரு தடை. சமவெளி வரிக்குதிரையின் தோள் உயரம் ஏறக்குறைய 1.3 மீட்டர்தான். வளர்ந்த ஆளைச் சுமந்து நெடுந்தொலைவு செல்ல அது ஏற்றதன்று.

குதிரைக்கு மட்டும் எப்படி வந்தது?

இக்கேள்விக்கு விடை தேட நம் கம்பம் பள்ளத்தாக்கின் மலை மாடுகளைப் பாருங்கள். அவை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் காடுகளில் மேய்ந்து திரிபவை. அயலாரைக் கண்டால் மிரள்பவை. ஆயினும் அவற்றின் இளங்காளையைப் பிடித்துவந்து, பழகிய மாட்டோடு சேர்த்து நுகத்தில் பூட்டினால் வேலை கற்றுக்கொள்கிறது. காரணம், அதன் மூதாதையர் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்தவர்கள். முரட்டு மாட்டை விலக்கிச் சாதுவானதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்ட உழவர்கள், தலைமுறை தலைமுறையாக அவ்வினத்தின் இயல்பையே மாற்றினர்.

குதிரையின் கதையும் இதுவே. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் கால்வழி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடகிழக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து பரவியது என்று 2021-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கூறுகிறது. அக்குதிரைகளில் இரு மரபணுப் பகுதிகள் விரைந்து பரவியிருந்தன. ஒன்று அச்சத்தோடும் சாந்த குணத்தோடும், மற்றது முதுகெலும்பின் வலுவோடும் தொடர்புடையது என அறிஞர்கள் கருதுகின்றனர். வரிக்குதிரையில் குறையாகத் தெரிந்தவையும் இவை இரண்டுமே அல்லவா?

ஆகவே பழக்கிய விலங்கு வேறு. வளர்ப்பு விலங்கு வேறு. ரிபெய்ரோ பழக்கியது ஒரு வரிக்குதிரையை மட்டுமே. அதற்குக் குட்டி பிறந்திருந்தால் அதனிடம் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கோயில் யானையும் இப்படித்தான். பாகனிடம் பல ஆண்டுகள் பழகியிருந்தாலும் அது பிறப்பால் காட்டினத்தைச் சேர்ந்தது. அதன் அருகே எப்போதும் எச்சரிக்கையுடன் நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் ஊரில் இளங்காளையை வண்டிக்குப் பழக்குவதைக் காண நேர்ந்தால், சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். முதலில் கற்றுத் தருவது எது? கயிறு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது? குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.