நாய்க்கு இதயப்புழு: மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை

நாய் வளர்ப்போர் பலரும் வெறிநோய்த் தடுப்பூசியை மறப்பதில்லை. ஆனால் கொசுவால் நாய்க்கு வரும் இதயப்புழு நோயை அறிந்தோர் குறைவு. நம் நாட்டில் அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் இந்நோய் காணப்படுகிறது. அங்கு வேலை பார்ப்போர், வளர்ப்பு நாய் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

பரவும் விதம்

நோயுள்ள நாயைக் கடித்த கொசு வேறொரு நாயைக் கடிக்கும்போது இளம் புழுக்கள் உடலில் புகுகின்றன. சுமார் 6 மாதத்தில் அவை வளர்ந்து நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் தங்குகின்றன. பெண் புழு ஓரடி நீளம்கூட இருக்கும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு இருமல், இளைப்பு, களைப்பு தோன்றும்.

எது நல்லது?

மாதம் ஒரு முறை தரும் ஐவர்மெக்டின் அல்லது மில்பிமைசின் மாத்திரை ஏற்றது. முந்தைய மாதம் புகுந்த இளம் புழுக்களை இது கொல்லும். ஆகவே ஒரு மாதமும் தவறக் கூடாது. ஏற்கெனவே நோயுள்ள நாய்க்குக் கொடுத்தால், ரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் திரளாக மடிந்து அதிர்ச்சி உண்டாகலாம். எனவே வளர்ந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை முதலில் அவசியம்.

மாட்டு மருந்து வேண்டாம்

விலை மலிவு என்று மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கொடுப்பது ஆபத்து. அதில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு மாதம் வேண்டியதோ 0.06 மில்லிகிராம்தான். கோலி இன நாய்கள் பல, அளவு மிஞ்சினால் உயிரிழக்கவும் கூடும். கால்நடை மருத்துவர் நாயை எடைபோட்டுச் சொல்லும் மாத்திரையே பத்திரமானது. சம்பள நாளன்று கொடுப்பதென வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை.