திரியில் தெரியும் தரம்

நறுமண மெழுகுவத்தியின் வாசனை சுடரிலிருந்து வருவதில்லை. சுடரைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகின் பரப்பிலிருந்துதான் வாசனை எண்ணெய் ஆவியாகி அறையில் பரவுகிறது. திரிக்குள் ஏறிப்போன எண்ணெய் மெழுகோடு சேர்ந்து எரிந்து, பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடும். ஆகவே சுடர் பெரிதானால் மணமும் கூடும் என்பதில்லை. மெழுகு எவ்வளவு அகலமாக, எவ்வளவு சூட்டில் உருகி நிற்கிறது என்பதே முக்கியம்.

அந்தச் சூட்டைக் கட்டுக்குள் வைப்பது திரி. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது இளையோருக்கு உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே, சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயைச் செருகி, அங்கிருந்த ஆவியை வெளியே கொண்டுவந்து, குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதுவே சாட்சி. உருகிய மெழுகு நுண்புழையேற்றத்தால் திரியில் ஏறி ஆவியாகிறது. திரி தடித்தால் அளவுக்கு மீறி ஏறும், மெலிந்தால் போதாமல் போகும். 1963-இல் நறுமண மெழுகுவத்தி விற்கத் தொடங்கிய பாரிஸ் நிறுவனமான டிப்டிக்கின் வழக்கமான அளவு 190 கிராம். ஏறத்தாழ 60 மணி நேரம் எரியும் என்கிறார்கள். மணிக்கு 3 கிராம் சொச்சம்தான் செலவாகிறது. குவளை பாதி காலியான பிறகும் இந்தக் கணக்கு குலையாதபடி திரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் தயாரிப்பவரின் கைத்திறன் இருக்கிறது. மற்றதெல்லாம் குவளையும் அட்டைப்பெட்டியும்.

முதல் தடவை ஏற்றும்போதே பாதி உண்மை தெரிந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு குவளையின் விளிம்பைத் தொட வேண்டும். ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவில் நின்றால் நல்லது. நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரத்தில் மெழுகு சுவர் போல நின்றுவிட்டால் திரி மெலிவு. சுடர் உயர்ந்து துள்ளி, குவளையின் வாயில் கரி படிந்தால் திரி தடிப்பு. திரி நுனியில் காளான் குடை போலக் கரி திரள்வதும் மெழுகு அளவுக்கு மீறி ஏறுவதன் அடையாளம். 1820-களில் பிரான்சில் பின்னல் திரி வரும்வரை, கருகிய நுனியை அடிக்கடி கத்தரிப்பது தனி வேலையாகவே இருந்தது. பின்னல் திரி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே எரிந்துவிடுகிறது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஏற்றுமுன் திரியை 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் ஏற்றிவிட்டோ, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டோ மெழுகுவத்தியைக் குறை சொல்வது நியாயமில்லை. காற்றில் அலையும் எந்தச் சுடரும் கரி கக்கும்.

மெழுகின் வகையைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. சோயா மெழுகு இயற்கையானது, பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பது சரியே. ஆனால் கரி படிவதைப் பெரிதும் தீர்மானிப்பது திரியும் காற்றோட்டமும்தான். பாரஃபின் வாசனையை எளிதில் வெளிவிடும் என்பதால் விலையுயர்ந்த மெழுகுவத்திகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. சோயா மெழுகின் மேல் பூக்கும் வெண்படலம் கொழுப்பு படிகமாவதால் வருவது, பழுதல்ல. வெனிலா மணமுள்ள மெழுகு பழுப்பேறுவதும் வெனிலின் செய்யும் வேலை.

வாசனை எண்ணெய் பொதுவாக 6 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கப்படுகிறது. அளவு மிஞ்சினால் மெழுகின் மேல் எண்ணெய் வியர்த்து நிற்கும், திரியும் அடைபடும். கடையில் மூடியைத் திறந்து முகர்வது பாதிச் சோதனைதான். எலுமிச்சை வகையின் லிமோனீன் போன்ற இலேசான மூலக்கூறுகள் குளிர்ந்த மெழுகிலிருந்தே மூக்குக்கு எட்டிவிடும். சந்தனம், பிசின் போன்ற கனமான மணங்கள் சூடேறினால்தான் எழும். மூக்கு சில நிமிடங்களில் மணத்துக்குப் பழகிவிடுவதால், ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து வெளியே போய்விட்டு வந்து முகர்ந்தால்தான் சரியாகத் தெரியும். எரியும்போதும் அதே மணம் தீய்ந்த வாடை இல்லாமல் வந்தால் கலவை தேறியது என்று கொள்ளலாம்.

பாதுகாப்பும் தரத்தில் சேர்ந்ததே. ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003-இல் தடைசெய்தது. ஐரோப்பாவில் கரி படியும் அளவைச் சோதிக்க இஎன் 15426 என்ற தரநிலை உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய லினலூல், லிமோனீன் போன்றவை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயரை அட்டையில் அச்சிடவும் வேண்டும். திரியின் அடியைப் பிடித்திருக்கும் உலோகத் தகடு அசையாமல் குவளையின் நடுவில் இருக்க வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் எரித்தால் கண்ணாடி சூடேறி வெடிக்கக்கூடும்.