சங்கத்துக் கடிதம் எங்கே நின்றது?

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வடக்கேயும் மேற்கேயும் வந்து வாழும் நம்மவர் குடும்பங்களுக்குச் சங்கத்தின் கடிதம் வெறும் விழா அழைப்பிதழ் அன்று. பிள்ளைகளின் தமிழ்த் தேர்வு நாள், கல்வி உதவிக்கு மனுச் செய்யும் கடைசி நாள், உடன் வாழ்ந்த ஒருவரின் மரணச் செய்தி ஆகிய யாவும் இன்று மின்னஞ்சலிலேயே வருகின்றன. அது வராமற்போனால் நாம் கூறும் காரணங்கள் இரண்டே. செயலாளர் அனுப்பவில்லை என்பது ஒன்று. உறுப்பினர் படிக்கவில்லை என்பது மற்றொன்று. இருவரும் குற்றமற்றவர்களாய் இருக்க, சங்கத்தின் டொமைன் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டதனால் கடிதம் நின்றுபோவதும் உண்டு.

மின்னஞ்சல் முகவரியில் '@' குறிக்குப் பின்னே நிற்பதுதான் டொமைன் பெயர். 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த டி.என்.எஸ். முறைப்படி, ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு பதிவேடு உண்டு. இணையதளம் எந்த இயந்திரத்தில் உள்ளது, கடிதத்தை எந்த இயந்திரத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் ரயில்வேயில் சென்னை சென்ட்ரலின் பெயர் எத்தனை முறை மாறியும் 'எம்.ஏ.எஸ்.' என்னும் குறியெழுத்து மட்டும் மாறவில்லை. டொமைனில் நேர் எதிர்: பெயர் நிற்கும், அதற்குரிய எண் மாறும். மாறும்போதுதான் வினை.

வடநாட்டு நகரமொன்றில் நான் அறிந்த ஒரு சங்கம் தன் இணையதளத்தைப் புதுப்பித்தது. தளம் அமைத்தவர் நேம் சர்வரைத் தமக்குப் பழக்கமான வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினார். நேம் சர்வரை மாற்றுவதாவது, பழைய பதிவேட்டை மூடிப் புதிய பதிவேடு ஒன்றைத் திறப்பதாகும். பழைய வரிகள் தாமாக நடந்து வாரா; ஒருவர் பார்த்து எழுதவேண்டும். அவர் இணையதளத்துக்குரிய வரியை எழுதினார், கடிதத்துக்குரிய எம்.எக்ஸ். வரியை எழுதவில்லை. தளம் அழகாகத் திறந்தது, யாவரும் பாராட்டினர். கல்வி உதவி கோரி மாணவர்கள் அனுப்பிய மனுக்கள் மட்டும் வரவில்லை.

எம்.எக்ஸ். வரி இல்லாவிடில் கடிதம் உடனே திரும்பிவிடும் என்று பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. அவ்வரி இல்லையேல், இணையதளம் இருக்கும் இயந்திரத்திலேயே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பது விதி. அங்கே அதே பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி இருந்துவிட்டால், அது வாங்கி வைத்துக்கொள்ளும். அனுப்பியவருக்கு யாதொரு தகவலும் போகாது. பெட்டியைத் திறப்பாரும் இரார். அந்தச் சங்கத்து மனுக்கள் அவ்வாறே கிடந்தன. கடைசி நாள் கடந்தபின் ஒரு மாணவியின் தந்தையார் காரியாலயத்துக்கு நேரில் வந்து, மனு அனுப்பிய நேரத்தைக் கைப்பேசியில் காட்டி வாதிட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. அதுவரை அவர் பொய் சொல்வதாகவே காரியாலயத்தில் நினைத்திருந்தனர். ஒரு வரி எத்தகைய மனக்கசப்பை விளைத்தது பாருங்கள்!

எம்.எக்ஸ். வரியில் ஓர் எண்ணும் இருக்கும். சிறிய எண்ணுடைய இயந்திரத்துக்கே முதலுரிமை. பழைய நிறுவனத்தின் வரியை நீக்காமல் புதியதையும் சேர்த்துவிட்டால், சில கடிதங்கள் இங்கும் சில அங்குமாகச் சிதறும். ஒன்றுமே வராதிருப்பதைக் காட்டிலும் இது கொடியது; நோய் இருப்பதே நெடுநாள் தெரியாது.

நிற்க. இதுவரை கூறியது வரும் கடிதத்தின் கதை. போகும் கடிதத்தின் கதை வேறு. எவர் வேண்டுமாயினும் நம் சங்கத்தின் பெயரைப் போட்டுக் கடிதம் விடலாம் என்பது மின்னஞ்சலின் பிறவிக்குறை. அதற்கு மாற்றாக மூன்று வரிகள் ஏற்பட்டன. எஸ்.பி.எஃப். என்பது நம் பெயரில் அனுப்ப உரிமை பெற்ற இயந்திரங்களின் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின்மீது இடப்படும் முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோல். டிமார்க் என்பது, இச்சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்கு நாம் கூறும் கட்டளை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் தங்கள் பெட்டிகளுக்குப் பெருமளவில் கடிதம் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின. சிறிய அளவில் அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும்.

நம் சங்கங்களில் மிகுதியும் நேர்வது எஸ்.பி.எஃப். பிழையே. அன்றாடக் கடிதத்துக்கு ஒரு நிறுவனம், மாதச் சுற்றறிக்கைக்கு மற்றொரு நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் சொன்னபடி இரண்டு எஸ்.பி.எஃப். வரிகளை எழுதிவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு வரியே உண்டு. இரண்டு எழுதினால் இரண்டும் செல்லா. இருவர் பெயரையும் ஒரே வரியில் சேர்க்கவேண்டும். டி.கே.ஐ.எம். திறவுகோலோ மிக நீளமானது. ஒரு சரத்தில் 255 எழுத்துக்கு மேல் அடங்காது. ஆகவே பிரித்து எழுத நேரும். படியெடுக்கும்போது வால் அறுந்துவிட்டால் முத்திரை பொய்த்துப்போகும்.

திரும்பி வந்த கடிதத்தை ஏதோ ஆங்கிலம் என்று அழித்துவிடாதீர்கள். அதில் ஓர் எண் இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை; அனுப்பும் இயந்திரம் மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டி இல்லை, முகவரியைப் பாருங்கள். 5.7 என்று தொடங்கினால் பெரும்பாலும் நம் அத்தாட்சியில் குறை, பதிவேட்டைப் பாருங்கள். கடிதம் சேர்ந்தும் ஸ்பாம் பெட்டியில் விழுந்திருந்தால், பெற்றவரை ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று வரிகளில் எது தேறியது, எது தவறியது என்று அங்கே காணலாம்.

திருத்தியவுடன் பலன் தெரியாது. டி.டி.எல். என்னும் எண் 3600 என்றிருந்தால், பழைய வரியைப் பிறர் ஒரு மணி நேரம் நினைவில் வைத்திருப்பர். 86400 என்றால் ஒரு நாள். மாற்றம் செய்ய இருந்தால், முந்தின நாளே அந்த எண்ணைக் குறைத்து வைப்பது நலம்.

மற்றொன்று, நம் போன்றோருக்கே உரிய தொல்லை. டொமைனைப் பதிவு செய்த செயலாளருக்கு மாற்றல் உத்தரவு வரும். அவர் கௌஹாத்திக்கோ ஜபல்பூருக்கோ போய்விடுவார். புதுப்பிக்கும் கட்டண நினைவூட்டல் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். தவணை தப்பினால் தளமும் கடிதமும் ஒருங்கே நிற்கும். சலுகைக் காலமும் கழிந்தால் அப்பெயரை எவரும் வாங்கலாம். ஆகவே பதிவுக் கணக்கைச் சங்கத்தின் பெயரிலேயே வையுங்கள். அதற்குத் தரும் தொடர்பு முகவரி, அதே டொமைனைச் சார்ந்ததாக இராமல் வேறொன்றாக இருக்கட்டும்.