எடைமேடைக்கும் கணினிக்கும் பேச்சு அறுந்தது ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அறுப்பு தொடங்கிவிட்டால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழிநெடுக எடைமேடைகளில் நெல் லாரிகள் வரிசை கட்டும். மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள், பாரம் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்குகின்றன. அந்த நசுக்கம் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றமாகிறது. பக்கத்து அறையில் உள்ள இண்டிகேட்டர் பெட்டி அதைக் கிலோவாக்கிச் சிவப்பு எண்களில் காட்டும்; அதே எண்ணை ஒரு கேபிள் வழியே கணினிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். லோடு எடையில் காலி எடையைக் கழித்து நிகர எடையைச் சீட்டில் அடித்துக் கொடுப்பது கணினியின் வேலை. விவசாயிக்கும் வியாபாரிக்கும் கணக்குத் தீர்வது அந்தச் சீட்டை வைத்துத்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் கணினியை மட்டும் மாற்றுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், மாற்றுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 11 ஏறுகிறது. இண்டிகேட்டரில் எடை ஓடுகிறது. திரையிலோ பூஜ்யம் அசையாமல் நிற்கிறது. ‘சாஃப்ட்வேர் செட் ஆகல’ என்று சொல்லி எல்லோரும் முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. சில நிரல்களைப் புதிய விண்டோஸால் ஓட்டவே முடியாது. சிலவற்றைப் பாதுகாப்புக்காகத் தடுக்கிறது. சிலவற்றை, பொருளை விற்ற நிறுவனமே கைவிட்டிருக்கிறது. எந்தக் காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் கைவைப்பவர்கள், திறக்கக் கூடாத பூட்டைத் திறந்துவிடுகிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் போகிறது என்பதற்காக ஆளாளுக்கு மதகைத் தூக்கிவிட முடியாது. அதற்கென்று ஆள் இருக்கிறார், அவரிடம்தான் கேட்க வேண்டும். கணினியில் அந்த ஆளின் பெயர் கெர்னல். நினைவகம், பிரிண்டர், கேபிள் செருகும் போர்ட் எல்லாம் அதன் பொறுப்பு. விண்டோஸ் 98 காலத்தில் எந்த நிரலும் நேரடியாகப் போர்ட்டைத் தொடலாம். எக்ஸ்பி வந்தபோது அது நின்றது. அதன் பிறகு கெர்னலுக்குள் நின்று போர்ட்டைத் தொடும் உரிமை டிரைவர் என்ற சிறு நிரலுக்கு மட்டும்தான். அந்த டிரைவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற விதியைத்தான் ஒவ்வொரு விண்டோஸும் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில், ஓட்டவே முடியாதவை. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு நிரல்களை ஆலைகளும் கமிஷன் மண்டிகளும் நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தன. அவை 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு என்று ஒரு புகலிடம் இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே வரவில்லை. இங்கே எந்த அனுமதியைக் கொடுத்தும் பயனில்லை. டாஸ்பாக்ஸ் போன்ற போலிச்சூழல் நிரலுக்குள் ஓட்டலாம், அல்லது தகவலை வெளியே எடுத்துப் புதிய நிரலுக்கு மாற்றலாம். 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவற்றுக்கு இந்தக் கதி இல்லை. அதன் அடிப்படைக் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் இன்னும் விண்டோஸோடு சேர்த்தே தருகிறது. ஆகவே எடைமேடை நிரல் பழையது என்பதாலேயே அது செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, நிறுவனமே கைவிட்டதற்கு உதாரணம்: கேபிள். இண்டிகேட்டர் பேசுவது ஆர்எஸ்-232 என்ற 1960-களின் தொடர் இணைப்பில். இன்றைய கணினிகள் பலவற்றில் அந்த ஒன்பது முள் போர்ட் இல்லாததால், யுஎஸ்பி மாற்றி கேபிள் ஒன்றைச் செருகுகிறார்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் இருப்பது தைவானின் புரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப், அல்லது அதைப் பார்த்துச் செய்த போலி. பழைய எச்எக்ஸ்ஏ வகைச் சிப்பைப் புதிய டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், ‘இது 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகுங்கள்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி நிற்கும். இதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. போலிகளை ஒழிக்க நிறுவனம் எடுத்த வணிக முடிவு. நேர்மையாக வாங்கிய பழைய கேபிளும் அதில் அடிபடுகிறது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தீர்வு சுலபம்: விண்டோஸ் 11-க்கு டிரைவர் உள்ள வேறு சிப் கொண்ட கேபிளாகக் கேட்டு வாங்கினால் போதும். அதன் பிறகும் எடை வராவிட்டால் போர்ட் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் புதிய கேபிளுக்கு காம் 7 என்று எண் கொடுத்திருக்கும். பழைய நிரலுக்கு காம் 1, காம் 2 தவிர வேறு தெரியாது. டிவைஸ் மேனேஜரிலேயே எண்ணை மாற்றிவிடலாம். இவ்வளவு சிறிய விஷயத்துக்காக மொத்த சாஃப்ட்வேரையும் புதிதாக வாங்கவைப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, பாதுகாப்புக்காகத் தடுப்பது. நான் மெதுவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். 64 பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிரைவருக்கு மின் கையொப்பம் கட்டாயம். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும். கெர்னலுக்குள் நுழைந்த நிரலை வைரஸ் தடுப்பானால்கூட அடக்க முடியாது என்பதே காரணம். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் புழு, ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரு தைவான் நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிட்ட டிரைவர்களோடுதான் கணினிகளுக்குள் புகுந்தது. உரிமத்தைக் காக்கச் செருகும் டாங்கிளின் பழைய டிரைவர் விண்டோஸ் 11-இல் மறுக்கப்படுவது இந்த விதிகளால்தான். ‘மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணுங்க, சரியாயிடும்’ என்று போனில் சொல்வார்கள்; கெர்னலைக் காக்கும் வேலியையே எடுத்துவிடச் சொல்வது அது. சரியாகவும் ஆகும். ஆனால் டாங்கிளின் டிரைவர் போகும் வழியிலேயே தீய நிரல்களும் போகலாம். புதிய டிரைவரைத் தரச் சொல்லி விற்றவரைக் கேட்பதே முறை.

திருமணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடைகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. அது யூனிகோட் அறியாதது. அதனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களும், அவற்றுக்கான விசைப்பலகை நிரலும் கூடவே வரும். புதிய விண்டோஸில் பேஜ்மேக்கர் முரண்டு பிடிக்கிறது என்று அதை ‘அட்மினிஸ்ட்ரேட்டராக’ ஓட்டுகிறார்கள். உடனே தமிழ் தட்டச்சு நின்றுபோகிறது. குறைந்த உரிமையுள்ள நிரல், கூடுதல் உரிமையுள்ள நிரலுக்கு விசைகளை அனுப்ப விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் விடுவதில்லை. கூடுதல் உரிமையுள்ள நிரலைத் தீய நிரல்கள் ஆட்டிவைப்பதைத் தடுக்க வைத்த வேலி இது. இரண்டையும் ஒரே உரிமையில் ஓட்டினால் தட்டச்சு திரும்பிவிடும். நீண்ட நாள் நோக்கில், பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே நல்லது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது.

பழைய நிரலில் போட்ட பில் சில நேரம் காணாமல் போகிறதே, அந்த மர்மமும் அதே விஸ்டாவிலிருந்து வருவதுதான். பழைய நிரல், தன் தகவலை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பொதுக் கோப்புறையிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. பழைய நிரல் உடைந்துவிடக் கூடாதே என்று, விண்டோஸ் அந்த எழுத்தைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. காலை ஷிப்ட்காரர் போட்ட எடை, வேறு பெயரில் உள்நுழைந்த மாலை ஷிப்ட்காரருக்குத் தெரியாது. எதுவும் அழியவில்லை, அந்த இடத்தில் தேடினால் கிடைக்கும். நிரலை சி டிரைவில் தனிக் கோப்புறைக்கு மாற்றி நிறுவினால் மறுபடி நடக்காது.

பழைய எக்ஸ்பி கணினியின் பகிர்வுக் கோப்புறை புதியதில் தெரியாமல் போவதற்குப் பின்னால் ஒரு பெரிய தாக்குதல் இருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயப் புழு, எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியே சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. இணையத்தோடு இணைந்த கணினியில் அதைத் திரும்ப இயக்காதீர்கள். எக்ஸ்பி கணினி அவசியம் என்றால், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தனியே ஓட்டுங்கள்.

மொத்தமாக வேறு இயங்குதளத்துக்குப் போவதும் ஒரு வழிதான். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தைத் தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது தமிழக அரசு. ஆனால் டாங்கிளையும் ஒரே நிறுவனத்தின் நிரலையும் நம்பி இருப்பவருக்கு லினக்ஸிலும் அதே சுவர்தான்.

ஆகவே, கணினியை மாற்றும் முன் எடைமேடைக்காரர் விற்றவரிடம் எழுதி வாங்க வேண்டிய ஒன்று உண்டு: இண்டிகேட்டர் என்ன பாட் வேகத்தில், எத்தனை பிட்டில், எந்த வடிவில் எடையை அனுப்புகிறது என்ற விவரம். அரைப் பக்கம் வரும். அது கையில் இருந்தால், தேனியில் கணினி படிக்கும் கல்லூரி மாணவர்கூட பைத்தானில் சில பத்து வரிகளில் எடையைத் திரைக்குக் கொண்டுவந்துவிடுவார்.