ஒரு படம் போதுமா?

சேவூர் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்கு நிலவரைபடம் கற்பித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், மேல இருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்தா வரைபடம் ஆயிடாதா?" என்றாள் ஒரு மாணவி.

ஆகாது. கேமராவுக்கு நேர் கீழே உள்ளவை சரியாகப் பதியும். ஓரத்தில் உள்ள கட்டடங்கள் சாய்ந்து தெரியும். பள்ளத்தின் ஆழமும் புலப்படாது. எனவே, வரைபடத்திற்கான விமானம் வயலில் ஏர் ஓட்டுவதுபோல் நேர்கோட்டில் சென்று திரும்புகிறது. ஒரு படத்தில் பதிந்த பகுதியில் ஏறத்தாழ 60 விழுக்காடு அடுத்த படத்திலும் பதிகிறது. ஒரே இடத்தை இரு கோணங்களில் பார்ப்பதால், நம் இரு கண்களைப் போல, உயரத்தையும் ஆழத்தையும் கணக்கிட முடிகிறது.

சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஆளில்லா விமானங்கள், மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளை அளக்கப் பயன்பட்டன. வெட்டிய கல்லின் அளவை அறிய, பரப்பு மட்டும் போதாது, ஆழமும் வேண்டுமல்லவா?

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். தரையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் உயரமான தண்ணீர் பாட்டிலையும் வையுங்கள். கைபேசியை ஒரே உயரத்தில் கீழ்நோக்கிப் பிடித்து, சற்று நகர்த்தி இரு படங்கள் எடுங்கள். புத்தகத்தைவிடப் பாட்டிலின் மூடி அதிகம் இடம் மாறியிருக்கும். அந்த வேறுபாடே உயரத்தைச் சொல்லும் அளவுகோல்.

படங்களைப் பார்த்த அதே மாணவி சொன்னாள்: "பனியன் தைக்க அம்மா ஓரம் விடுற மாதிரி, படத்துக்கும் ஓரம் விடணும், டீச்சர்!"

அடுத்த வகுப்பில் பாடத்தை அவள் சொன்னதிலிருந்தே தொடங்கினேன்.